அழவில்லை, அரிக்கிறது

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அழுமூஞ்சி. எப்போது பார்த்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கணக்கு டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பும்போதெல்லாம் இவள் இரண்டு கை விரல் முட்டிகளையும் கண்குழிக்குள் வைத்துத் திருகிக்கொண்டிருப்பாள். இப்போது உன்னை யார் என்ன சொல்லிவிட்டார்கள் என்று டீச்சர் கேட்பார். "அழல டீச்சர், அரிக்குது" என்பாள். வகுப்பு சிரிக்கும். ஆனால் அவள் உண்மையிலேயே அழுது அந்த வகுப்பில் ஒருவரும் பார்த்ததில்லை. மதில்மேலிருந்து விழுந்து முழங்கை எலும்பு விரிசல் விட்டபோதுகூட, மறுநாளே கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்து, இனி எந்தக் கையால் எழுதுவது என்று டீச்சரையே கேட்டாள்.

அரிப்பு நிஜம். தூசி பட்டால் அரிக்கும். போர்வையை உதறினால் அரிக்கும். வெயில் காலம் முடிந்து காற்று மாறினால் வாரக்கணக்கில் அரிக்கும். தேய்த்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தைப் பற்றிப் பேசும்போது பிற்காலத்தில்கூட அவள் குரல் கொஞ்சம் இளகும். முதலில் இமையோரம் ஒரு குறுகுறுப்பு, பிறகு முட்டியை வைத்து ஓர் அழுத்து, மூடிய கண்ணுக்குள் கட்டம் கட்டமாக வெளிச்சம், உடம்பு முழுக்க ஒரு தளர்வு. கையை எடுத்தால் கண் இரண்டும் கோவைப்பழம். ஐந்து நிமிடத்தில் முன்னைவிட அதிகமாக அரிக்கும். மறுபடி தேய்ப்பாள்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்காதான் அவளுக்கு வீடு. அக்கா தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். முன்னறையில் மிஷின், பின்னறையில் இருவருக்கும் குடித்தனம். தங்கை கண்ணைத் தேய்ப்பது பார்வையில் பட்டால் தாள் அடுக்குவதை நிறுத்தாமலே சொல்வாள்: "அந்தக் கண்ணு ரெண்டையும் கழட்டி என்கிட்ட குடுத்துடு. நான் பத்திரமா வைச்சிருக்கேன்."

பள்ளி முடித்ததும் ஒரு குழாய்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். கிடங்கின் ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு கிரேன், தன் நீண்ட கையை நிதானமாகத் திருப்பி, கீழே நாற்பது பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாததைப் பூப்போலத் தூக்கிக்கொண்டு போகும். எட்டு மாதம் அதைப் பார்த்தாள். ஒன்பதாவது மாதம் வேலையை விட்டுவிட்டு கிரேன் ஓட்டப் பயிற்சி தரும் இடத்தில் போய் நின்றாள். இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் ஏணியில் ஏறிப் பாதியில் இறங்கிவிடுகிறவர்கள் அதிகம் என்று பயிற்சியாளர் முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார். இவள் ஏறினாள். சாப்பாட்டு மணி அடித்தும் இறங்கவில்லை. கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அப்படித்தான் இருபத்து மூன்றாவது வயதில், ஒரு பெரிய குடியிருப்புக் கட்டடத்தில் கோபுர கிரேனுக்கு வந்து சேர்ந்தாள். உயரத்தில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருப்பதால் கம்பி கட்டுகிறவர்கள் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். அழுமூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலை என்று அவளும் ஏற்றுக்கொண்டாள். கீழே நின்று வயர்லெஸ்ஸில் அவளுக்கு வழி சொன்னவர் ஒரு சிக்னல்காரர், ஐம்பது வயது, கரகரத்த குரல். அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள். ஒரு நாளைக்கு நூறு சுமை இறக்கினாலும் இருவரும் பேசிக்கொள்வது நாலைந்து வார்த்தைதான். இடது, வலது, மெதுவா, போதும்.

கேபின் என்பது ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, காலுக்குக் கீழே ஒரு கண்ணாடி. சிமெண்ட் தூசி ஜன்னல் இடுக்கு வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படியும். போதாததற்குக் காற்று. கீழே சுமை கட்டி முடிக்கக் காத்திருக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் கைப்பிடியை விட்டுவிட்டு முட்டிகளைக் கண்ணில் வைப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை தேய்ப்பாய் என்று பிறகு ஒருவர் கேட்டபோது, எத்தனை முறை மூச்சு விடுகிறேன் என்று எண்ணியிருந்தால் இதையும் எண்ணியிருப்பேன் என்றாள்.

இருபத்தாறாவது வயதில் கண்ணாடி போட வேண்டி வந்தது. பத்து மாதத்தில் மூன்று தடவை பவர் மாறியது. மூன்றாவது தடவை கண்ணாடிக் கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "நீங்க ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி படிக்கிறீங்க" என்றார். எழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நிற்கிறது, அதற்கு நான் என்ன செய்ய என்று இவள் திருப்பிக் கேட்டாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இவளும் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டாள்.

அதற்குள் தெருவிளக்குகளுக்கு வால் முளைத்திருந்தது. நிலாவைப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. இரட்டையாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இடது கண் ஒன்றுக்கே இரண்டு தெரிந்தது. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, இமையை இடுக்கி, வயர்லெஸ்ஸில் வரும் அண்ணனின் குரலைப் பிடித்துக்கொண்டு நான்கு மாதம் ஓட்டினாள். அந்த நான்கு மாதத்தைப் பற்றிக் கேட்டால் இன்றும் அவள் சமாதானம் எதுவும் சொல்வதில்லை. செய்தது தப்பு என்பாள், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பிக்கட்டு ஒன்றைப் பதினான்காம் மாடிக்குக் கொண்டுபோனாள். கட்டின் நுனி சாரத்தில் உரசியது. சாரத்தின் குழாய் ஒன்று கழன்று, இரண்டு மாடி கீழே தளத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் குத்தி நின்றது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த மணலில்தான் ஐந்து பேர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்து அண்ணே" என்றாள் வயர்லெஸ்ஸில்.

அண்ணன் சரி என்றார். கீழே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த ஈரத்துணி ஒன்று, இம்மியும் அசையாமல் தொங்கியதை அவரும் பார்த்திருப்பார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சரி அவளை அன்று முழுக்கத் தின்றது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். ஆள் இல்லாத வெற்றுத் தரைக்கு மேல் வெறும் கொக்கியை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள். வலது கண்ணில் ஒரு கொக்கியும் அதன் நிழலும். இடது கண்ணில் சந்தேகமில்லாமல் இரண்டு கொக்கி. ஏழரை மணிக்குக் கான்கிரீட் லாரிகள் வந்து வரிசை கட்டின. அண்ணன், தொட்டி தயார் என்றார். அவள் தூக்க முடியாது என்றாள்.

சைட் மேனேஜர் வயர்லெஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மாதத்துக்கு ஒரு மாடி முடித்தாக வேண்டும் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்த மனிதர். அரைப் பார்வை எப்போதும் செல்போனில் இருக்கும். லாரி ஆறு நிற்கிறது, கான்கிரீட் இறுகிவிடும், இதென்ன விளையாட்டு என்று சத்தம் போட்டார். தலை சுற்றினால் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பி என்றார்.

"தலை சுத்தல சார். எனக்கு ரெண்டு கொக்கி தெரியுது."

"இன்னைக்கு ஒரு நாள் சமாளி. நாளைக்கு லீவு எடுத்துக்க."

"சரி சார். ரெண்டுல எந்தக் கொக்கியை உங்க தலைக்கு மேல கொண்டு வரணும்னு நீங்களே சொல்லிடுங்க. அங்கேயே நில்லுங்க, கொண்டு வரேன்."

அந்த சைட்டில் வயர்லெஸ் வைத்திருந்த எல்லோரும் ஒரே அலைவரிசையில்தான் இருந்தார்கள். பதினெட்டு பேர் கேட்டார்கள். அவள் கொக்கியை மேலே இழுத்து நிறுத்தி, கிரேன் கை காற்றின் போக்கில் திரும்பும்படி பிரேக்கைத் தளர்த்திவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் மேனேஜர் ஏணியடியிலேயே நின்றார். இப்படி இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்றார்.

"ஏறுவேன் சார். கண்ணு சரியானதும் ஏறுவேன்" என்று சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அதுவரைக்கும் யாரை வேணும்னாலும் ஏத்துங்க. ஆனா அவங்க கண்ணைப் பாத்துட்டு ஏத்துங்க."

கண் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். குள்ளம், அதட்டலான குரல். ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். உள்ளே வட்டத்துக்குள் வட்டமாக வெளிச்சம். சற்று நேரத்தில் இரண்டு கண்களும் நிலப்படம்போலக் கணினித் திரையில் வந்தன. நல்ல கண்ணில் பச்சையும் நீலமுமாக இருக்க வேண்டிய இடத்தில், அவள் இடது கண்ணின் கீழ்ப்பக்கம் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. வலது கண்ணில் அதே இடத்தில் ஆரஞ்சு.

டாக்டர் உடனே எதையும் விளக்கவில்லை. கண் அரித்தால் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். அவள் கூச்சப்படாமல் முட்டிகளை வைத்துத் திருகிக் காட்டினாள். நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தவில்லை.

கருவிழியின் மேலே கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது, அதன் கனமே அரை மில்லிமீட்டர்தான் என்றார் டாக்டர். கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி மாதிரி அது சீராக வளைந்திருக்க வேண்டும். அவளுக்கு அது கீழ்ப்பக்கம் மெலிந்து, கூம்புபோல முன்னால் தள்ளிவிட்டது. கூம்பு வழியாகப் போகிற வெளிச்சம் ஓரிடத்தில் சேராது. அதனால்தான் இரண்டு கொக்கி, மூன்று நிலா, வால் முளைத்த விளக்கு. அதனால்தான் எந்தக் கண்ணாடியும் ஒத்துவரவில்லை.

கொக்கு விடவில்லை. "எங்க சைட்ல எல்லாரும்தான் கண்ணைத் தேய்க்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் கூம்பு வந்துடுச்சா?"

"எல்லாரும் உங்களை மாதிரி தேய்க்கிறதில்ல. சிலருக்கு அந்தப் படலம் இயல்பாவே கொஞ்சம் பலவீனமா இருக்கும். யாருக்குன்னு முன்னாடியே தெரியாது. பலவீனமான இடத்துல இருபது வருஷம் முட்டியால இடிச்சிருக்கீங்க."

டாக்டர் தொடர்ந்தார். தேய்க்கத் தேய்க்க அரிப்பை உண்டாக்குகிற அதே பொருள்தான் கண்ணுக்குள் இன்னும் சுரக்கும், அதனால்தான் அரிப்பு அடங்குவதே இல்லை. கைவிரலில் இருக்கிற அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். முகத்தைக் கைமேல் அழுத்திக் குப்புறப் படுப்பதும் தேய்ப்பதில்தான் சேரும். கூம்பு மேலும் தள்ளாமல் நிறுத்த ஒரு சிகிச்சை இருக்கிறது, பார்வைக்கு ஒரு தனி லென்ஸ் இருக்கிறது. ஆனால் முதலில் மூன்று வாரம் கண்ணில் கை வைக்காமல் வந்து காட்ட வேண்டும்.

"நீங்க தேய்க்கிறதை நிறுத்தலைன்னா, நான் எதைச் செஞ்சாலும் நிக்காது" என்றார்.

மேனேஜரிடம் சவால் விடுவது எளிது. சொந்தக் கையிடம் விடுவதுதான் பெரும்பாடு என்று அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டாள். சொட்டு மருந்து விட்டாள். கண்மேல் குளிர்ந்த துணி வைத்தாள். விழித்திருக்கும்போது சமாளித்துவிடலாம், தூங்கும்போது கை தன்பாட்டுக்கு எழுந்து போனது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் போடும் தடித்த கையுறையை அக்கா அவள் கைகளில் மாட்டிக் கட்டிவிட்டாள். காலையில் பார்த்தால் கையுறை இரண்டும் தரையில் கிடந்தன. பிறகு நீச்சல்காரர்கள் போடும் கண்ணாடி ஒன்றை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே படுத்தாள். காலையில் கண்ணைச் சுற்றி இரண்டு வளையம் பதிந்திருக்கும். அந்த முகத்தோடு கடையில் நின்றபோது, ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் விசாரித்தார். "கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு, கடலுக்கு அடியில" என்று அக்கா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள். அவர் வாழ்த்திவிட்டுப் போனார்.

காகிதத் தூசியில் காலை பதினோரு மணிவாக்கில் அரிப்பு உச்சத்துக்கு வரும். மிஷினின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கா அதற்கா, யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று பார்த்துவிடலாம் என்பாள். அரிப்பு ஏறும், ஏறிக்கொண்டே போகும், இனி தாங்காது என்கிற இடத்தில் சற்று நிற்கும், பிறகு தானே களைத்து இறங்கும். அதற்கு முன் ஒருநாளும் அது இறங்கும்வரை அவள் காத்திருந்ததே இல்லை. அது இறங்கும் என்பதே அவளுக்குச் செய்தியாக இருந்தது.

பதினாறாம் நாள் தோற்றாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கண்ணை ஒரு நிமிடம் ஆசைதீரத் தேய்த்தாள். மறுநாள் தானே ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சொன்னாள். இன்று முதல் மறுபடி மூன்று வாரம் என்றார் டாக்டர். அவள் அன்றிலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

இரண்டாவது தடவை மூன்று வாரத்தை முழுசாகக் கடந்தாள். முதலில் இடது கண், அது ஆறிய பிறகு வலது. மரத்துப்போக மருந்து விட்டு, படலத்தின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் நிறச் சொட்டு மருந்தை ஊறவைத்து, அரை மணி நேரம் ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். மெலிந்த திசு அதில் இறுகிக்கொள்ளும். மரத்த தன்மை போனதும் மிளகாய்ப்பொடியைத் தூவியதுபோல மூன்று நாள் எரிந்தது. கண்ணீர் தானாக வழிந்தபடி இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, அழாதேம்மா, எல்லாம் நல்லபடி ஆகும் என்றார். பின்னறையிலிருந்து பதில் வந்தது: "அழல சார். எரியுது."

அந்தச் சிகிச்சை கூம்பை இருந்த இடத்தில் நிறுத்தும், பழைய கண்ணைத் திருப்பித் தராது என்று டாக்டர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். பார்வைக்கு லென்ஸ். சாதாரண லென்ஸைவிடப் பெரியது, கெட்டியானது. கிண்ணம்போல அதில் உப்புநீர் நிரப்பி, குனிந்து கண்ணில் வைக்க வேண்டும். வெள்ளை விழியின் மேல் அமர்ந்து, கூம்பைத் தொடாமல் பாலம்போல நிற்கும். பழக இரண்டு மணி நேரம் பிடித்தது. நீர்க்குமிழி உள்ளே மாட்டிக்கொள்ளும், எடுப்பாள், மறுபடி வைப்பாள். கடைசியில் இரண்டும் உட்கார்ந்தன. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். எதிர்மாடிக் கொடியில் காயும் சட்டையின் பொத்தான்களை எண்ண முடிந்தது. தெருக்கோடியில் வந்த பேருந்தின் எண்ணைப் படித்தாள். அதே பேருந்தில் ஏறி நேராக சைட்டுக்குப் போனாள்.

மேனேஜருக்கு அவளைப் பார்த்ததில் சந்தோஷமில்லை. கிரேனை வேறு ஆள் ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய மீசை வைத்தவர், அவரை மீசை என்றே கூப்பிட்டார்கள். இவளைச் சாமான் கிடங்கில் உட்காரச் சொன்னார் மேனேஜர். கண்ணில் சில்லை வைத்துக்கொண்டு மேலே ஏறி, அது கழன்று விழுந்தால் யார் பொறுப்பு என்றார்.

"உங்க மூக்குக்கண்ணாடி விழுந்தா என்ன பண்ணுவீங்க சார்?"

"நான் கிரேன் ஓட்டல."

"கார் ஓட்டுறீங்கல்ல?"

அதோடு பேச்சு முடிந்தது. அவள் கிடங்கில் உட்கார்ந்தாள், நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தாள். பக்கவாட்டில் தூசி புகாத பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எப்போதும் போட்டிருந்ததால், கொக்கு மீன் பிடிக்கத் தண்ணிக்குள் இறங்கப்போகிறது என்று கேலி செய்தார்கள். அவள் கிடங்குச் சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். கிரேன் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை நடத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கட்டடத்தில் யாருக்கும் ஒருமுறைகூட நடந்ததில்லை.

ஒரு கடிதம் எழுதினாள். எனக்குச் சோதனை வையுங்கள், என்னோடு சேர்த்து எல்லோருக்கும் வையுங்கள், கண்ணாடியோ லென்ஸோ போட்டுத் தேறினால் வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று. மேனேஜர் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "நம்ம வீட்டுல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் நகலுக்கு வராது" என்று அக்கா மிஷினைப் போட்டாள். ஒரு நகல் தலைமை அலுவலகத்துக்கு, ஒன்று தொழிலாளர் ஆய்வாளருக்கு, ஒன்று காப்பீட்டுக்காரர்களுக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபடி ஒரு கட்டு.

அப்போதுதான் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அண்ணன் கிடங்குக்கு வந்தார். ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காத்து இல்ல தங்கச்சி" என்றார்.

"தெரியும் அண்ணே."

"எனக்கும் தெரியும். சொன்னா உன் வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். அந்த அஞ்சு பேர் எழுந்து போகாம இருந்திருந்தா?"

அடுத்த கடிதத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்டது சம்பளத் தாளில் மட்டும்தான். இதில் முதல் கையெழுத்து அவருடையது. அதன் கீழே கம்பி கட்டுகிறவர்கள் இருபத்தாறு பேர் போட்டார்கள்.

ஆய்வாளர் ஒருநாள் சொல்லாமல் வந்து நின்றார். அடுத்த வாரமே சோதனைக்கு ஏற்பாடாயிற்று. அந்த சைட்டின் கிரேன்களுக்கெல்லாம் சேர்த்து ஓட்டுநர்கள் ஆறு பேர், சுவரில் எழுத்துப் பலகை. கொக்கு லென்ஸ்களோடு கடைசிக்கு முந்தின வரிவரை படித்தாள். இடது கண்ணில் மட்டும் இரண்டு எழுத்து தவறியது. விதி கேட்டதற்கு அது தாராளம். மீசை தன் முறை வந்ததும் பலகையைக் கடகடவென்று ஒப்பித்தார். பரிசோதகர் பலகையை மாற்றினார். மீசையால் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. அவருக்குக் கண்புரை. யாருக்கும் தெரியாமல் அவரும் ஒரு வருடமாகச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வாசலில் அவளை வழிமறித்தார். "உன் கண்ணு கெட்டதுக்கு என் வயித்துல அடிக்கணுமா?"

நான்கு மாதம் தானும் இதையேதான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்தால் ஒரு மாதத்தில் திரும்பி ஏறிவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அவர் காதில் வாங்காமல் போனார். இரண்டு மாதத்தில் திரும்பி வந்து பக்கத்து கிரேனில் ஏறவும் செய்தார். அவளோடு மட்டும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பற்றி யாராவது கிண்டலடித்தால் அவள் சிரிப்பதில்லை. ஆனால் கடிதம் எழுதியதற்காக வருத்தப்பட்டதும் இல்லை.

அவள் மறுபடி ஏறியபோது கட்டடம் இருபத்து மூன்று மாடிக்கு வளர்ந்திருந்தது. கிரேனும் அதோடு உயர்ந்திருந்தது. இறங்கி ஏறக்குறைய ஒரு வருடம். கால் பழக்கம் விட்டுப்போய் ஏணியில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கேபினில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடியையும் பிடித்தாள். முதல் சுமை கான்கிரீட் தொட்டி. கீழே மேனேஜர் பாக்கெட்டில் கைவிட்டபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு செல்போன் கையில் இல்லை. தொட்டி எழும்பியது. பாதி வழியில் இடது இமையோரம் குறுகுறுத்தது, கேபினில் ஒரு வருடத்துத் தூசி. இடது கை கைப்பிடியிலிருந்து அரை விரற்கடை எழுந்ததை அவளே பார்த்தாள்.

"உக்காரு" என்றாள்.

வயர்லெஸ் திறந்திருந்தது. அண்ணன் பதறிப்போய், யாரை உட்காரச் சொல்கிறாய் என்று கேட்டார். உங்களை இல்லை அண்ணே என்றாள். தொட்டி இருபத்து மூன்றாம் மாடியில் குறித்த இடத்தில் இறங்கியது.

அதன் பிறகும் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. இடுக்கில்லாத ஜன்னலும் காற்று வடிகட்டியும் கேட்டு ஏழு மாதம் போராடி வாங்கினாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை லென்ஸைக் கழற்றிக் கழுவிப் போடப் பதினைந்து நிமிடம் வேண்டும் என்று எழுத்தில் வாங்கினாள். சாப்பாட்டுக் கொட்டகையில் கண் கழுவ ஒரு குழாயும், ஐஸ் பெட்டியில் நனைத்த துணிகளும் வந்தன. கம்பி கட்டுகிறவர்கள் யாராவது கண்ணில் முட்டியை வைத்தால் மேலிருந்து வயர்லெஸ்ஸில் அவள் குரல் பெயர் சொல்லிக் கூப்பிடும். இவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று அவர்கள் நொந்துகொள்வார்கள்.

இடது கண் முழுசாகச் சரியாகவில்லை. லென்ஸைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித்தான் நடப்பாள். வருடத்துக்கு ஒருமுறை அந்த நிலப்படத்தை எடுத்து முந்தின வருடத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் டாக்டர். சிவப்புத் திட்டு நான்கு வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அந்தக் கட்டடம் முடிந்து கிரேனைப் பிரித்துக் கொண்டுபோன பிறகு, போன வருடம் வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். படிவத்தில் ஒரு கேள்வி: கண் தொடர்பான நோய் ஏதும் உண்டா? எதிரே ஒரு சின்னக் கட்டம். அவள் பேனாவை எடுத்ததும் அலுவலகக் குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர், அவள் கண்ணில் லென்ஸ் இருப்பதைக் கவனித்திருந்தார்.

"அதை நிரப்பினா இழுத்தடிப்பாங்கம்மா. காலியா விட்டுடுங்க, யாரும் கேக்கப் போறதில்ல."

அவள் கட்டத்தைப் பார்த்தாள். "இதுல இடம் பத்தாது சார். இன்னொரு தாள் குடுங்க" என்றாள்.

கூம்பு, சிகிச்சை நடந்த தேதிகள், லென்ஸின் அளவு, படங்களின் நகல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தாள். குமாஸ்தா சொன்னதுபோலவே பதினொரு நாள் இழுத்தடித்தார்கள். இரண்டு தடவை சோதனை வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு ஏணியைக் காட்டினார்கள். முப்பத்தெட்டு மாடிக் கட்டடம். அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள்.